கால் பணம், முக்கால் பணம், ஒரு டப்பா சில்லறை

2025 நவம்பர் 12ஆம் தேதி அமெரிக்காவில், ஃபிலடெல்ஃபியா நாணயச் சாலையில், புழக்கத்துக்கான கடைசி பென்னியை அடித்து முடித்தார்கள். 1793இல் ஆரம்பித்த காசு. ஒரு சென்ட் மதிப்புள்ள அந்தக் காசை அடிக்க 3.69 சென்ட் செலவாகிறது என்பது 2024ஆம் ஆண்டுக் கணக்கு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று எங்கள் ஊர்ப் பக்கம் சொல்வார்கள். ஒரு அரசாங்கம் அந்தச் சொலவடையை ஏறக்குறைய அதே விகிதத்தில் நடத்திக் காட்டியது நான் அறிந்து இதுதான்.

அடித்த பென்னிகள் இன்னும் செல்லும், புதிதாகத்தான் வராது. ஆனால் இங்கிலீஷில் பென்னியை வைத்து எத்தனை பேச்சு இருக்கிறது! சின்னச் செலவில் கறாராக இருந்து பெரிய செலவில் கோட்டை விடுபவன் ‘பென்னி வைஸ், பவுண்டு ஃபூலிஷ்’. வேண்டாம் என்று தள்ளினாலும் திரும்பத் திரும்ப வந்து நிற்பவன் ‘பேட் பென்னி’. யோசனையில் இருப்பவனிடம் என்ன யோசனை என்று கேட்க ‘எ பென்னி ஃபார் யுவர் தாட்ஸ்’. காசு போன பிறகு இதெல்லாம் என்ன ஆகும்?

தென்காசிக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஒன்றும் ஆகாது. எங்கள் வட்டாரத்தில் காசுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்திருக்கின்றன. பேச்சு ஒன்றுகூடச் சாகவில்லை. இந்தப் பதிவு அந்தச் செத்த காசுகளைப் பற்றி.

முதலில் துட்டு. திருநெல்வேலிச் சீமையில் பணத்தைப் பணம் என்று சொல்கிற ஆள் குறைவு. ‘துட்டு வச்சிருக்கியா?’, ‘அவன் துட்டுள்ள ஆளு’, ‘துட்டுக்குப் பிடிச்ச கேடு’. சென்னையிலும் சொல்கிறார்கள்தான். ஆனால் அங்கே அது கொஞ்சம் கேலி கலந்த சொல். இங்கே வங்கி மேலாளர்கூடத் துட்டு என்றுதான் சொல்வார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி இதன் பிறப்பை டச்சுக்காரர்களின் ‘டாய்ட்’ என்ற செப்புக் காசில் கொண்டுபோய் நிறுத்துகிறது. 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பறித்தவர்கள் டச்சுக்காரர்கள். நடுவில் விட்டும் பிடித்தும், 1825இல் ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கும்வரை அங்கே இருந்தார்கள். முத்தும் துணியும் வாங்க வந்தவர்கள் கோட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கடைசிச் சில்லறையை நம் வாயில் விட்டுவிட்டார்கள்.

அதே காசு கிழக்கே போய் மலாய் மொழியிலும் இந்தோனேசியாவிலும் ‘டூயிட்’ ஆகிவிட்டது. கோலாலம்பூர்க்காரர் டூயிட் என்பதும் கடையநல்லூர்க்காரர் துட்டு என்பதும் ஒரே செப்புத் துண்டைத்தான்.

இங்கிலீஷ்காரனும் சும்மா இருக்கவில்லை. ஒரு துட்டுப் பெறாது என்பதை அவனும் ‘நாட் வொர்த் எ டாய்ட்’ என்று சொல்லியிருக்கிறான். 1611இல் அரண்மனையில் நடிக்கப்பட்ட ஷேக்ஸ்பியரின் ‘தி டெம்பெஸ்ட்’ நாடகத்தில், ட்ரிங்குலோ என்ற கோமாளி ஒரு விசித்திரப் பிராணியைப் பார்த்துவிட்டுத் தன் நாட்டு ஜனங்களைத் திட்டுவான். நொண்டிப் பிச்சைக்காரனுக்கு ஒரு டாய்ட் போடாதவர்கள், செத்துப்போன செவ்விந்தியனைக் காட்சிக்கு வைத்தால் பத்து டாய்ட் கொடுத்துப் பார்ப்பார்கள் என்பது அவன் ஆதங்கம். காசு கொடுத்து வேடிக்கை பார்க்கிற கூட்டத்தைப் பற்றி இதைவிடக் கடுமையாக யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. ஆனால் எனக்கு அதில் பிடித்தது, அந்தக் கோமாளி கையிலும் எங்கள் ஊர்க் கடைக்காரர் கல்லாவிலும் ஒரே துட்டு இருந்தது என்பதுதான்.

துட்டு கடல் வழியாக வந்தது என்றால், மலை வழியாக வந்தது சக்கரம். இதை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளக்குவது கொஞ்சம் சிரமம்.

தென்காசியிலிருந்து செங்கோட்டை ஏழெட்டு கிலோமீட்டர். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து ஒரு போன் பேசி முடிப்பதற்குள் வந்துவிடும். 1956 நவம்பர் 1ஆம் தேதிவரை செங்கோட்டை மலைக்கு அந்தப் பக்கத்து ராஜ்யத்தின் ஊர். முதலில் திருவிதாங்கூர், 1949 ஜூலைக்குப் பிறகு திருவிதாங்கூர்–கொச்சி. தென்காசியும் குற்றாலமும் சென்னை மாகாணம். நாற்று நடுகிறவர்களுக்கு எல்லை தெரியாது, கடைக்காரருக்குத் தெரியும். ஏனென்றால் அந்த ஊரில் காசே வேறு.

அந்தக் கணக்கு இது. 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். ஆக 28 சக்கரம் சேர்ந்தால் ஒரு ரூபாய். ஆனால் ஆங்கிலேய ரூபாய் வேண்டுமென்றால் 28 சக்கரமும் 8 காசும் கொடுக்க வேண்டும். இந்தப் பக்கமோ ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி.

இப்போது செங்கோட்டையிலிருந்து ஒருவர் தென்காசிச் சந்தைக்கு வந்து ஓரணாவுக்குப் புளி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் இருப்பது சக்கரம். ஆங்கிலேய ரூபாய் 456 காசு. அதில் பதினாறில் ஒரு பங்கு இருபத்தெட்டரைக் காசு. இரண்டு சக்கரம், அதாவது 32 காசு கொடுத்தால் மூன்றரைக் காசு மீதி தர வேண்டும். அந்த அரைக் காசை யார் கொடுப்பார்? கணக்கு இப்படி இருக்கிற இடத்தில் எல்லாம் அந்த அரைக் காசு கடைக்காரர் பக்கம்தான் சாயும். இரண்டு ராஜ்யத்தின் நடுவில் கடை வைத்தவர் நொடித்துப்போனதாக எங்கள் பக்கம் கதையே கிடையாது.

தபாலும் அப்படித்தான். திருவிதாங்கூருக்கு ‘அஞ்சல்’ என்ற பெயரில் தனித் தபால் இருந்தது. 1888இல் சங்கு முத்திரையோடு தபால்தலை போட்டார்கள், விலை சக்கரத்தில். 1951இல் அது இந்தியத் தபாலோடு சேர்ந்தது. திருவிதாங்கூர் தனியாக இருந்தவரை அந்தப் பக்கம் சக்கரத் தலை, இந்தப் பக்கம் அணாத் தலை.

வெள்ளிச் சக்கரம் பார்த்திருக்கிறீர்களா? விரல் நுனியில் ஒட்டிக்கொண்டால் தேட வேண்டிய அளவுதான் இருக்கும். உளுந்தம்பருப்பை நசுக்கிப் பரப்பினதுபோல. அதில் ஆயிரம் எண்ண வேண்டும் என்றால் கண் போய்விடும். அதற்காகவே சக்கரப் பலகை என்று ஒன்று வைத்திருந்தார்கள். கைப்பிடி வைத்த மரப்பலகை. அதில் வரிசை வரிசையாகக் குழி. ஒவ்வொரு குழியும் ஒரு சக்கரம் மட்டும் படுக்கிற ஆழம். காசை அள்ளிப் பலகையில் கொட்டி, பலகையைச் சாய்த்து லேசாக ஆட்டினால் குழிக்கு ஒன்றாக உட்கார்ந்துவிடும், மிச்சம் வழிந்து விழுந்துவிடும். நூறு குழிப் பலகை நிறைந்தால் நூறு சக்கரம். கோவில் கணக்கிலும் கஜானாவிலும் இதைத்தான் பயன்படுத்தினார்கள். கேரளத்து அருங்காட்சியகங்களில் வைத்திருக்கிறார்கள், போனால் பாருங்கள். ஒரு விரல்கூடக் காசில் படாமல் எண்ணி முடிக்கிற அந்த ஏற்பாட்டில் எவ்வளவு அவநம்பிக்கையும் எவ்வளவு புத்தியும் இருக்கிறது!

திருவிதாங்கூர் கொச்சியோடு சேர்ந்த பிறகு சக்கரம் மெல்ல மெல்ல விலகியது. பேச்சில் விலகவில்லை. மலையாளத்தில் இன்னமும் நாலு சக்கரம் சம்பாதிக்கிறார்கள், நாம் நாலு காசு பார்க்கிற மாதிரி. நாஞ்சில் நாட்டுப் பழைய ஆட்களுக்கும் பணம் என்றால் சக்கரம்தான். செங்கோட்டையில் பிறந்த எங்கள் ஆச்சி, பேரன்கள் யாராவது வெட்டியாகச் சுற்றினால், ‘சக்கரம் சம்பாதிக்கத் துப்பில்ல, சட்டைக்கு மட்டும் இஸ்திரி’ என்பாள். அவள் சொன்ன சக்கரத்தை எங்களில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. திட்டு மட்டும் சரியாக உறைத்தது.

இப்போது மேலே சொன்ன சுண்டைக்காய்க்கு வருவோம். கால் பணம், முக்கால் பணம் என்று சொல்லும்போது பொதுவாகப் பணத்தைச் சொல்வதாக நினைத்துக்கொள்கிறோம். இல்லை. பணம் என்பது ஒரு காசின் பெயர். திருவிதாங்கூர்க் கணக்கில் கால் பணம் சரியாக ஒரு சக்கரம், முக்கால் பணம் மூன்று சக்கரம். சென்னைக் கம்பெனிக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். அங்கே கால் பணம் என்றால் 20 காசு. அந்த இருபது காசுக்கென்றே ஒரு செப்பு நாணயம் இருந்தது. 1803, 1808 வருடம் போட்டு, பர்மிங்ஹாமில் மேத்யூ போல்டனின் நாணயச் சாலையில் அடித்துக் கப்பலில் சென்னைக்கு அனுப்பினார்கள்.

அதில் ஒரு கப்பல் வந்து சேரவில்லை. ‘அட்மிரல் கார்ட்னர்’ என்று பெயர். 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரையோரம் குட்வின் மணல்திட்டில் புயலில் சிக்கி மூழ்கியது. டன் கணக்கில் பத்துக் காசும் இருபது காசும் கடலுக்கு அடியில். 1980களில் மூழ்கி எடுத்தார்கள். இன்றைக்கு நாணயம் சேர்ப்பவர்கள் விலை கொடுத்து வாங்குகிறார்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். கம்பெனி அளந்து, எண்ணி, பீப்பாயில் அடைத்துக் கடலில் போட்டது. சுண்டைக்காய் வாங்க வேண்டிய கால் பணம் நூற்றெழுபது வருடத்துக்கு மேல் மணலுக்குள் கிடந்தது என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பாக வருகிறது.

இந்தச் சொலவடையை ‘பென்னி வைஸ்’ என்பதற்குச் சமமாகப் பள்ளிக்கூடக் கட்டுரை ஏடுகளில் போடுவார்கள். எனக்கு ஒப்பவில்லை. பென்னி வைஸ், செலவழிப்பவனின் புத்தியைக் குறை சொல்கிறது. சுண்டைக்காய்ச் சொலவடை யாரையும் குறை சொல்லவில்லை. சந்தை எப்படி நடக்கிறது என்று சொல்கிறது. பாவூர்சத்திரம் சந்தையில் விடியற்காலம் போய் நின்றால் தெரியும். தக்காளி, கத்தரி, முருங்கை, மூட்டை மூட்டையாக மலையேறிக் கேரளம் போகிறது. ஓணத்துக்கு முந்தின வாரம் நிற்க இடமிருக்காது. விலை சரிந்துவிட்டால், பறிகூலியும் வண்டி வாடகையும் காயின் விலையைத் தாண்டிவிடும். பறிக்காமல் செடியிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த விவசாயி பென்னி வைஸும் இல்லை, பவுண்டு ஃபூலிஷும் இல்லை. அவருக்கு நடப்பது சுண்டைக்காய்க் கணக்கு.

மலைக்கு அந்தப் பக்கம் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ‘நோக்குகூலி’ என்று ஒன்று. மூட்டையை நாமே இறக்கிக்கொண்டாலும், இறக்குவதை நின்று பார்த்ததற்கு அங்குள்ள சுமைதொழிலாளிகளுக்குக் கூலி கொடுக்க வேண்டும். 2018 மே 1ஆம் தேதி, உழைப்பாளர் தினத்தன்றே, கேரள அரசு அதை ஒழிப்பதாக அறிவித்தது. சரக்கு ஏற்றிப் போகும் எங்கள் ஊர் டிரைவர் ஒருவர் சொன்னார்: ‘சுமைகூலி முக்காப் பணம்னு பெரியவங்க சொன்னாங்க அண்ணாச்சி. பாத்த கூலி எவ்வளவுன்னு சொல்லாம போயிட்டாங்க.’

அணாவுக்கு வருகிறேன். 1957 ஏப்ரல் 1ஆம் தேதி நயா பைசா வந்தது. செங்கோட்டைக்காரர்களை நினைத்துப் பாருங்கள். சக்கரத்தை மறந்து அணாவைப் பழகி, போன நவம்பரில் மாநிலம் மாறி, மூச்சு விடுவதற்குள் பைசா. ஒரே தலைமுறை மூன்று வாய்ப்பாடு மனப்பாடம் செய்திருக்கிறது.

இதில் ஒரு விஷயம் கவனித்திருப்பீர்கள். ஐம்பது பைசாவை எட்டணா என்கிறோம், இருபத்தைந்தை நாலணா என்றோம். ஆனால் யாரும் ஆறு பைசாவை ஓரணா என்று சொல்லிக் கேட்டதில்லை. காரணம் சின்னக் கணக்குதான். ஓரணா ஆறேகால் பைசா. இரண்டணா பன்னிரண்டரை. பைசாவில் கால், அரை என்று காசு கிடையாது. காசாக அடித்த அணாக்களில் நாலணாவும் எட்டணாவும் மட்டும் மீதமில்லாமல் 25, 50 என்று வகுபடுகின்றன. சரியாக வகுபட்டவை பிழைத்தன, உடைந்தவை போயின. அறுபது வருடங்களுக்கு மேல் நாட்டில் இல்லாத அணா இன்றைக்கும் பெட்டிக்கடையில் பெயரளவில் உயிரோடு இருப்பது இந்த வகுத்தலின் தயவால்.

2011 ஜூன் 30ஆம் தேதியோடு நாலணாவும் அதற்குக் கீழே உள்ளதும் செல்லாது என்றாகிவிட்டது. அன்றோடு நாலணா முழுக்க முழுக்க வசவுக்கு வந்துவிட்டது. ‘நாலணாப் பேச்சு’, ‘நாலணாவுக்குப் பிரயோஜனமில்ல’. அதற்கும் கீழே இறங்கித் திட்ட வேண்டுமென்றால் ‘ஓட்டைக் காலணா’ இருக்கிறது. அது நிஜமாகவே நடுவில் ஓட்டை போட்ட காசு. யுத்த காலத்தில் உலோகத்தை மிச்சம் பிடிக்க 1943இலிருந்து 1947வரை அப்படி அடித்தார்கள். ஒரு சாம்ராஜ்யம் தன் காசிலேயே ஓட்டை போட்டு மிச்சம் பிடிக்க வேண்டிய நிலைக்கு வந்தது. நம் ஜனங்கள் அந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டு எண்பது வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

காசுக் கணக்கை மாற்றுகிற இதே கூத்து இங்கிலாந்திலும் நடந்தது, நமக்குப் பதினான்கு வருடம் கழித்து. 1971 பிப்ரவரி 15 வரைக்கும் அங்கே 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. பென்னியில் கால் பங்கான ஃபார்திங், 1960 முடிந்ததோடு போனது. ஆனாலும் உதவாததை இன்றும் ‘பித்தளை ஃபார்திங் பெறாது’ என்பார்கள். நம் ஓட்டைக் காலணாவின் சித்தப்பா மகன்.

இன்னொரு வித்தியாசம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. இங்கிலீஷ்காரன் காசை வைத்துச் சொல்வதில் பாதிக்கு மேல் சேமிப்பு உபதேசம். பென்னியைப் பார்த்துக்கொள், பவுண்டு தன்னைப் பார்த்துக்கொள்ளும் என்கிற ரகம். நாம் சேமிக்கச் சொல்லும்போது காசை இழுப்பதில்லை. சிறுதுளி பெருவெள்ளம் என்று தண்ணீரைத்தான் காட்டுகிறோம். காசு நம் பேச்சில் வருவது வேறு இடங்களில். மானம் போகிற இடத்தில் வரும்: அரைக் காசுக்குப் போன மானம் ஆயிரம் பொன் கொடுத்தாலும் வராது. வம்பை விலைக்கு வாங்கும் இடத்தில் வரும்: அரைப் பணம் கொடுத்து ஆடச் சொல்லி, ஒரு பணம் கொடுத்து ஓயச் சொன்ன கதை. கோவில் கொடைக்கு மைக் செட் கட்டின எல்லோருக்கும் இந்தக் கடைசி விலை தெரியும்.

அப்புறம் சாவில் வரும். ‘பிணத்து நெத்திக் காசையும் எடுக்கிறவன்’ என்பதைவிடக் கேவலமாக எங்கள் பக்கம் ஒருவனைத் திட்ட முடியாது. இறந்தவர் நெற்றியில் சந்தனத்தில் பதித்து வைக்கும் அந்த ஒரு ரூபாய்க்குக் கடையில் ஒரு மிட்டாய் கிடைக்கும், அவ்வளவுதான். கிரேக்கர்கள் படகோட்டிக்குக் கூலி என்று பிணத்தின் வாயில் காசு வைத்தார்கள். நாம் நெற்றியில் வைக்கிறோம்.

ஒரு ரூபாய் இன்னும் மதிப்போடு உட்கார்ந்திருக்கிற இடம் மொய்க் கவர். ஸ்டேஷனரிக் கடையில் முனையில் ஒரு ரூபாய் நாணயத்தை ஒட்டியே விற்கிறார்கள். ஐந்நூறு ரூபாய் நோட்டை வைத்துவிட்டு அந்த ஒன்று இல்லாமல் கொடுத்தால், வாங்குகிறவர் ஒன்றும் சொல்லமாட்டார். பக்கத்தில் நிற்கிற அத்தை சொல்வாள்.

குற்றாலத்துக்கு வராமல் இந்தப் பதிவை முடித்தால் ஊர்க்காரர்கள் சும்மா விடமாட்டார்கள். பணத்தைத் தண்ணீராகச் செலவழிக்கிறான் என்று ஊர் உலகமெல்லாம் சொல்கிறது. தண்ணீரே பணமாக விழுகிற ஊர் இது. ஜூன் மாதம் சாரல் பிடித்து, பேரருவியில் பரந்து விழ ஆரம்பித்தால்தான் சிப்ஸ் கடை, மங்குஸ்தான் கூடை, எண்ணெய் தேய்க்கிறவர்கள், லாட்ஜ், ஆட்டோ என்று எல்லோருக்கும் அடுப்பு எரியும். தண்ணீர் விழவில்லை என்றால் துட்டு விழாது. தண்ணீர் அதிகமாக விழுந்தாலும் துட்டு விழாது. குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். போட வேண்டியதுதான். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டுபோனது. சிறுதுளி பெருவெள்ளம் என்பது இங்கே சேமிப்பு உபதேசம் இல்லை, எச்சரிக்கைப் பலகை.

சீசனில் குற்றாலத்துக் கல்லாவைப் பார்த்தால் வேறு எந்த ஊர்க் கல்லாவும் அப்படி இருக்காது. நோட்டெல்லாம் ஈரம். குளிக்கப் போகிறவர்கள் துண்டில் முடிந்தும், அரைக்கால் சட்டைப் பையில் திணித்தும் பணத்தோடு அருவியில் நிற்கிறார்கள். வெளியே வந்ததும் பசிக்கும். பஜ்ஜிக் கடையில் நீட்டுகிற நோட்டில் பாதி தண்ணீர், பாதி நல்லெண்ணெய். எனக்குத் தெரிந்த கடைக்காரர், ஐம்பதுக்கு மேலே உள்ள நோட்டை வடைச்சட்டிக்குப் பின்னால் தகரத் தட்டில் ஒட்டி வைத்துவிடுவார். ஒரு பக்கம் காய்ந்தால் திருப்பிப் போடுவார், அடை சுடுகிற பக்குவத்தோடு. பத்து, இருபது நோட்டுகளுக்கு அந்த மரியாதை கிடையாது. அவற்றை ஈரத்தோடேயே அடுத்தவருக்குச் சில்லறையாகத் தள்ளிவிடுவார். ‘கையில ரொம்ப நேரம் வச்சா கிழிஞ்சிரும் அண்ணாச்சி, ஓடுறவரைக்கும்தான் துட்டு.’

இப்போது க்யூஆர் அட்டை வந்துவிட்டது. சாரலுக்குப் பயந்து பாலித்தீன் உறை போட்டுத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சிக்னல் திணறும்போது, வடை வாயில் இருக்க, போனில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். (திருவிதாங்கூர்ச் சக்கரம் இல்லை.) அப்போது மறுபடி ஈர நோட்டுதான்.

2016 நவம்பர் 8ஆம் தேதி ராத்திரி ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்றபோது இங்கே ஐயப்ப சீசன் தொடங்கப் போகிற நேரம். மாலை போட்ட சாமிகள் வேன் வேனாக வந்து குளித்துவிட்டுப் போகிற பருவம். செல்லாக்காசு என்று ஆளைத்தான் சொல்லிப் பழகியிருந்தோம். முதன்முறையாகக் கல்லாவைத் திறந்து அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டி வந்தது.

அதற்கு நேர் எதிரான கூத்து பத்து ரூபாய் நாணயம். செல்லும் காசு, ஆனால் செல்லாது. 2011இல் ரூபாய்க் குறியீட்டோடு புது வடிவம் வந்த பிறகு பழையது கள்ளக்காசு, கோடு குறைந்தது கள்ளக்காசு என்று ஒரு வதந்தி கிளம்பியது. 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, அதுவரை வெளியிட்ட 14 வடிவங்களும் செல்லும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. கேட்டால்தானே? எங்கள் பக்கம் சில கடைகளில் இன்றும் நாணயத்தைப் பார்த்ததும் முகம் மாறும்.

‘அண்ணாச்சி, இது செல்லுமா?’

‘செல்லாம என்ன? கவர்மெண்டுதான அடிச்சான். ஆனா எங்கிட்ட வாங்குறவன் எவன்?’

இதைவிடச் சரியாகப் பணம் என்றால் என்ன என்று பொருளாதார வாத்தியார் எவரும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. அரசாங்கம் அடித்தால் பாதிக் காசு. அடுத்தவன் வாங்கினால்தான் மீதிப் பாதி.

வேடிக்கை என்னவென்றால், புளியரைச் சோதனைச்சாவடியைத் தாண்டி ஆரியங்காவு போனால் அதே நாணயத்தை மறுபேச்சில்லாமல் வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். டீக்கடையில், பஸ்ஸில், கோவில் வாசல் பூக்கடையில் எங்கேயும் பிரச்சினை இல்லை. ஆக, ராஜ்யம் ஒன்றாகி, சக்கரம் போய், அணா போய், இத்தனை வருடம் கழித்தும் மலைக்கு இந்தப் பக்கம் ஒரு காசு, அந்தப் பக்கம் ஒரு காசு. நடுவில் இருக்கிறவர்களுக்குப் பழக்கம்தான். பத்து ரூபாய் நாணயத்தை டப்பாவில் சேர்த்து வைத்து, கொல்லம் பக்கம் கல்யாணம் காட்சி என்று யாராவது போனால் கொடுத்தனுப்புகிறோம். எங்கள் வீட்டு டப்பா நிறைந்துவிட்டது. அடுத்த வாரம் புனலூர்ப் பக்கம் யாராவது போவதாக இருந்தால் சொல்லுங்கள். நூறுக்கு நூறு நோட்டாகக் கொடுத்தால் போதும், வட்டம் பிடிக்கக் கூடாது.